மாடியில் ஒரு சிவப்புப் பாலம்

பொம்மை மாதிரி இருக்குன்னா சொல்றீங்க... நீங்க ஒருத்தர் இல்ல தம்பி, இந்த வாரம் இந்த நாற்காலில உக்காந்தவங்க அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்க. போஸ்டர்ல பாத்தா உயிரோட இருக்கு, நேர்ல போய் நின்னா பொம்மை மாதிரி இருக்குன்னு. தலைய கொஞ்சம் பின்னால சாய்ங்க. இன்னும் கொஞ்சம். ம், அப்படித்தான். பதிலெல்லாம் சொல்ல வேணாம், நுரை வாய்க்குள்ள போயிரும். நான் பேசறேன், நீங்க கேட்டுக்கிட்டு இருங்க. ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இந்த ஒக்குதானி ஊர்ல எதுக்கு வேணா தட்டுப்பாடு வரும், ரயிலுக்குக் காத்திருக்கற நேரத்துக்கு மட்டும் வராது.

அந்த கேமரா ஸ்டாண்டு கதவோரத்துலயே இருக்கட்டும். விழாது. தினம் நாலஞ்சு ஸ்டாண்டு அங்கதான் சாத்தி வைக்கறாங்க.

ரெண்டாவது நாற்காலியப் பாக்கறீங்க. அது எங்க வீட்டுக்காரரோடது. வாசல்ல 'உரபே சலூன்'னு போர்டு பாத்திருப்பீங்க, அந்த உரபே அவருதான், உரபே தமோட்சு. நான் மசுயோ. அவருக்கு வாக்கப்பட்டு வந்து கத்தி புடிக்கக் கத்துக்கிட்டவ. ரெண்டு நாற்காலி, ரெண்டு கண்ணாடி, ரெண்டு பேரு, அப்படித்தான் நடந்துச்சு இந்தக் கடை. இப்ப பாருங்க, ஒரு நாற்காலில பூனை தூங்குது. அவரு எங்கங்கறீங்களா? மாடில. இப்ப தொப்புன்னு கேட்டுச்சே, ஒண்ணும் விழல. அவருதான் குப்புறப் படுக்கறாரு. அறுபத்தாறு வயசு மனுஷன். காலைல கடை தெறக்கறப்ப படுத்தாருன்னா சோத்துக்குத்தான் எந்திரிப்பாரு, அதுவும் முட்டியப் புடிச்சுக்கிட்டு.

கன்னத்தக் கொஞ்சம் உப்புங்க. ம்.

சரி, உங்ககிட்ட சொன்னா என்ன. நீங்க வெளியூரு, அடுத்த ரயில் ஏறிப் போயிருவீங்க. இந்த ஊர்ல நான் இத ஒருத்தர்கிட்டயும் வாய் விடல. காலைல பாத்த பாலம் பொம்மை மாதிரி இருக்குன்னு, போஸ்டர்ல இருக்கறது வேற எங்கயாவது இருக்கான்னு ஆத்தோரமா அலைஞ்சீங்களே, அந்தப் பாலம்... அது ஆத்துல இல்ல தம்பி. எங்க மாடில இருக்கு. நம்ம தலைக்கு மேல. நீளம் என் முழங்கை அளவுகூட வராது. சிவப்புப் பாலம், ஆறு, ஆரஞ்சு நிறத்துல பழம் தொங்கற பெர்சிமன் மரம், காலைப் பனி, ரெண்டு பெட்டி ரயிலு, எல்லாம் அங்கதான். பொம்மை.

கண்ணத் தெறக்காதீங்க, எரியும். சிரிக்கவும் கூடாது, கத்தி தாடைல இருக்கு.

பொம்மை ரயில் வச்சிருக்கறத நான் குத்தம்னு சொல்லல. இந்த நாட்டுல பாதி ஆம்பளைங்க வீட்ல ஒரு டப்பாவுல ரயில் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. இவரும் கல்யாணத்தப்பவே ஒரு பெட்டி நிறைய கொண்டாந்தாரு. ஒரு ரயில் பெட்டி என் நடுவிரல் நீளத்த விடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். பையன் ஒசாகாவுக்கு வேலைக்குப் போனான், அவன் ரூம்ல சுவத்துக்குச் சுவர் பலகை போட்டாச்சு. மலை வச்சாரு, வயல் வச்சாரு, ஸ்டேஷன் வச்சாரு. சரி, ஓட்டிட்டுப் போகட்டும், குடிக்கறதுக்கு இது மேல்னு விட்டுட்டேன். ஓட்டறதோட நிறுத்தியிருந்தா இன்னிக்கு நீங்க இங்க உக்காந்திருக்க மாட்டீங்க. இவருக்கு என்ன ஆச்சுன்னா, அதப் படம் எடுக்கணும்னு ஆச்சு. அதுவும் சும்மா படம் இல்ல. பாக்கறவன் அது பொம்மைன்னு கண்டுபிடிக்கவே கூடாது. அதான் வெறி.

மொதல்ல நின்னுகிட்டு எடுத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு. 'இதுக்கு என்ன குறை'ன்னு கேட்டேன். 'இது பருந்து பாக்கற மாதிரி இருக்கு மசுயோ. பருந்தா ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிக்குது? மனுஷன் எங்க நிப்பான், தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிப்பான். அவன் கண்ணு எந்த உயரத்துல இருக்கு, அங்கதான் கேமரா கண்ணும் இருக்கணும்'ங்கறாரு. அந்த ஊர்ல மனுஷன் உயரம் எவ்வளவுங்கறீங்க? ரெண்டு அரிசிய ஒண்ணு மேல ஒண்ணு நிக்க வச்ச உயரம். பெரிய கேமரா அங்க எறங்குமா? செல்போனத் தலைகீழாப் புடிச்சு, அதோட கண்ணு தண்டவாளத்த ஒட்டி வர்ற மாதிரி வச்சாரு. போன் எறங்குனா இவரும் எறங்கணும்ல. அன்னிக்குப் படுத்தவருதான்.

அப்புறம் மசமசப்பு. கிட்ட இருக்கற மரம் தெளிவா வந்தா பின்னால மலை மசமசன்னு போயிருது. மலை தெளிவா வந்தா மரம் போயிருது. 'நிஜ மலை என்னிக்காவது மசமசன்னு இருந்திருக்கா? இதுதான் பொம்மைன்னு காட்டிக் குடுக்கற எடம்'னாரு. அதுக்கு என்ன பண்ணணும்னா, கேமராவ அசைக்காம ஒரே படத்தத் திரும்பத் திரும்ப எடுக்கணும். ஒரு தரம் மரத்தப் பாத்து, ஒரு தரம் பாலத்தப் பாத்து, ஒரு தரம் மலையப் பாத்து... அப்புறம் எல்லாத்துலயும் தெளிவா இருக்கறத மட்டும் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணா ஒட்டணும். அது முடியற வரைக்கும் வீட்ல யாரும் நடக்கக் கூடாது. நான் துவைச்ச துணி எடுத்துக்கிட்டு படியேறினா உள்ளேர்ந்து குரல் வரும், 'மசுயோ, மலை ஆடுது'ன்னு. என் வீட்டுப் படில நான் ஏறினா மலை ஆடுதாம்.

கழுத்துக்கு வர்றேன். முழுங்காதீங்க.

வெளிச்சம் இருக்கே, அது தனிக் கதை. சூரியன் ஒண்ணு, அதனால ஒரு பொருளுக்கு ஒரு நிழல்தான் விழணுமாம். ரூம்ல இருந்த டியூப்லைட்டக் கழட்டிட்டாரு. மூலைல தூரமா ஒரே ஒரு விளக்கு. அது முகத்துல அடிச்ச மாதிரி விழக் கூடாதுன்னு அதுக்கு முன்னால ஒரு வெள்ளைத் துணி. எந்தத் துணி? உங்க கழுத்துலேர்ந்து போர்த்தியிருக்கேனே, இந்தத் துணிதான். ஒரு நாள் ஆள் வந்து உக்காந்துட்டாரு, போர்த்த ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மேல தொங்குது. கைக்கண்ணாடிய எடுத்து பின்மண்டை காட்டலாம்னு பாத்தா, அது பாலத்துக்கு அடில வெளிச்சம் காட்டப் போயிருச்சு. பவுடர் டப்பா எங்கன்னா, மலைக்குப் போயிருச்சு. தூரத்து மலை வெளுத்துத் தெரியணும்ல, அதுக்காகக் குழந்தைக்குப் போடற மாதிரி மலைக்குப் பவுடர் போட்டு வச்சிருக்காரு. பஞ்சு பூரா பனியாப் போச்சு. வானம் மட்டும்தான் வீட்டுப் பொருள் இல்ல. அதுகூட நம்ம பின்வாசல்லேர்ந்து தெரியற வானத்தத்தான் படம் எடுத்து, பெருசாப் போட்டு, சுவத்துல ஒட்டியிருக்காரு. மடிப்பு விழுந்துச்சுன்னு மூணு வானத்தக் கிழிச்சுப் போட்டாரு.

தலைமுடியப் பத்திச் சொல்லாம விட்டுட்டேனே. வெட்டின முடியக் கூட்டி அள்ளிக் கொட்டறதுதான் எங்க தொழில்ல கடைசி வேலை. இவரு அதச் சலிக்கறாரு தம்பி. மைதா சலிக்கற சல்லடையால. கருப்பு தனி, நரை தனி. எதுக்குன்னா, நரைமுடிதான் ஆத்தோரத்து நாணல். போஸ்டர்ல பாத்திருப்பீங்க, காத்துல சாஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா... அது டவுன் ஆபீஸ் குரோசாக்கி சாரோட தலை. சுற்றுலாப் பிரிவுக்கு அவருதான் அதிகாரி. அவரே அந்தப் போஸ்டர் முன்னால நின்னுகிட்டு, 'உரபே அம்மா, நம்ம ஊரு நாணலோட அழகு வேற எங்கயாவது உண்டா'ன்னு என்கிட்ட கேட்டாரு. நான் தரையப் பாத்துக்கிட்டு 'இல்ல சார்'னேன்.

இந்தப் பக்கம் திரும்புங்க.

இதெல்லாம்கூட பொறுத்துக்கலாம். அழுக்கத்தான் என்னால பொறுக்க முடியல. நான் யாரு? நாள் பூரா மனுஷங்க மேல இருக்கற அழுக்க எடுக்கறவ. என் கோட்டப் பாருங்க, தினம் துவைச்சு, தினம் கஞ்சி போட்டு, தினம் தேச்சுத்தான் மாட்டறேன். இவரு என்ன பண்றாருன்னா, புத்தம் புது ரயில் பெட்டிய வாங்கிட்டு வந்து, வந்த அன்னிக்கே கரித்தூளத் தண்ணில கரைச்சு அது மேல பூசறாரு. கூரைல புகை, சக்கரத்துல துரு, ஜன்னலுக்குக் கீழ மழைத் தண்ணி வழிஞ்ச கோடு. 'பளபளன்னு இருந்தா பொய் மசுயோ. நிஜமா இருக்கற எல்லாமே கொஞ்சம் அழுக்காத்தான் இருக்கும்'ங்கறாரு. என் மூஞ்சியப் பாத்து சொல்றாரு. ஆனா மேல தூசி ஒண்ணு விழக் கூடாது. 'பூசின அழுக்கு வேற, விழுந்த தூசி வேற, அந்தத் தூசி படத்துல பாறாங்கல்லு மாதிரி தெரியும்'னு, நல்ல ஷேவிங் பிரஷ்ஷ எடுத்துக்கிட்டுப் போய் தண்டவாளத்தப் பெருக்கறாரு.

அந்த ஊர்ல ஆளுங்களும் உண்டு. ஸ்டேஷன் வாசல்ல என்னையும் வச்சிருந்தாரு. வெள்ளைக் கோட்டு போட்டு, கைல துடைப்பத்தோட. மூஞ்சி இல்ல, அவ்வளவு சின்னதுல மூஞ்சிக்கு எங்க போறது, ஆனா நிக்கற நிலை நாந்தான். எனக்கு உள்ளுக்குள்ள... சரி, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வெளில காட்டிக்கல. ஒரு நாள் டீ குடுக்கப் போறேன், அங்க நான் இல்ல. 'நான் எங்க'ன்னேன். 'எடுத்துட்டேன்'னாரு. 'ஏன்?' 'உன் கோட்டு ரொம்ப வெளுப்பு. நிஜ வெளிச்சத்துல எதுவும் அவ்வளவு வெளுப்பா இருக்காது. பாக்கறவன் கண்ணு ரயில விட்டுட்டு நேரா உன்கிட்ட போயிருது. கொஞ்சம் கரி பூசலாம்னு பாத்தேன். நீ கோவிச்சுக்குவேன்னு எடுத்துட்டேன்.' எதால எடுத்தாரு தெரியுமா? மூக்குமுடி புடுங்கற இடுக்கியால. புடிச்சு, தூக்கி, ஒரு தீப்பெட்டிக்குள்ள போட்டுட்டாரு.

ஒரு வாரம் நான் அவர்கிட்ட பேசல. அவரு அதக் கவனிச்சாரான்னு தெரியல. ஏன்னா அந்த வாரத்துலதான் அந்தப் படம் அமைஞ்சுது.

சுடுதுண்டு போடறேன். சூடு ஜாஸ்தின்னா கைய அசைங்க. இல்லையா, சரி.

பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அந்தப் படத்த சாப்பாட்டு மேஜைல கொண்டாந்து வச்சாரு, நான் சூப்புக் கிண்ணத்த அப்படியே கைல வச்சுக்கிட்டு நின்னுட்டேன். காலு சில்லுன்னு ஆச்சு. விடிகாலைல அந்த ஆத்தோரமா நின்னா பாதத்துல ஏறுமே ஒரு ஈரம், அது. ரயிலு வர்றதுக்கு முன்னால தண்டவாளம் லேசா முனகுமே, அதுகூட கேக்கற மாதிரி இருந்துச்சு. பவுடரும் பஞ்சும் முடியும்னு எனக்குத் தெரியும், ஒவ்வொண்ணும் எந்த அலமாரிலேர்ந்து போச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னேன். இந்த மனுஷன் என்ன சொன்னாருங்கறீங்க? உதட்டப் பிதுக்கிட்டு, 'ம்ஹூம். பாத்த உடனே பொம்மைன்னு தெரிஞ்சுரும். ஒருத்தரும் நம்ப மாட்டாங்க'ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். என்னையும் தூக்கிப் போட்டாச்சு, வீட்டுல இருக்கற சாமானெல்லாம் போச்சு, இவ்வளவும் பண்ணி, அமைஞ்ச படத்தயும் ஆகலைன்னா எப்படி? அதக் கடைக்குக் கொண்டாந்து இந்தக் கண்ணாடி மூலைல சொருகி வச்சேன். வர்றவங்க சொல்லட்டும்னு.

மொதல்ல வந்தது குரோசாக்கி சார். இதே மாதிரி சாஞ்சு உக்காந்திருந்தவரு, துண்ட எடுத்ததும் நிமிந்து, கண்ணாடில அவரு மூஞ்சியப் பாக்காம படத்தப் பாக்கறாரு.

'இது யாரு எடுத்தது?'

'எங்க வீட்டுக்காரரு.'

'எந்த எடம் இது? நம்ம லைன் ரயில் மாதிரில்ல இருக்கு.'

அந்த நிமிஷம் மேல தொப்புன்னு சத்தம். படுக்கறாரு. எனக்கு என்ன தோணுச்சோ... 'நம்ம ஊருதான் சார், ஆத்து வளைவுக்கு அந்தாண்ட. பனி எறங்கற காலைல போனாத்தான் தெரியும்'னு சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னாரே, நம்பறாங்களா இல்லையான்னு பாக்கலாம்னுதான். குரோசாக்கி சார் படத்தக் கொஞ்ச நேரம் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாரு. நானும் நம்பிட்டாரு, ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன், சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். சாயங்காலம் சொல்ல மறந்துட்டேன். அடுத்த நாளும். அப்புறம் ஒரு நாள் பாத்தா, ஸ்டேஷன் சுவத்துல ஆளுயரத்துக்கு எங்க மாடி. 'பனியோடு வாருங்கள் ஒக்குதானிக்கு'ன்னு எழுதி.

பேசாதீங்க, மேலுதடு எடுக்கறேன்.

அதுக்கப்புறம்தான் வந்தீங்க நீங்கல்லாம். சனி ஞாயிறுன்னா முதுகுல மூட்டை, கைல ஸ்டாண்டு, வரிசையா ரயில விட்டு எறங்கறாங்க. வளைவுக்கு அந்தாண்ட இமூராவோட வெங்காயத்தாள் பாத்தி. அதுல எறங்கி நிக்கறாங்க, சிவப்புப் பாலம் எங்கன்னு அவரையே கேக்கறாங்க. இமூரா பாவம், பொறந்ததுலேர்ந்து அங்கயே கெடக்கற மனுஷன், 'எனக்குத் தெரியாம ஆத்துல யாரு சிவப்புப் பாலம் கட்டினா'ன்னு போலீஸ் நிஷினா கிட்ட போய் கேட்டிருக்காரு. நிஷினாவும் சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போய்த் தேடியிருக்காரு. தேடிட்டு வந்து என்ன சொன்னாரு? 'பனி இல்லாததால தெரியல.'

எனக்கு வியாபாரம் நல்லா இருக்கு, அத மறைக்கல. பாலம் கெடைக்காதவன் என்ன பண்ணுவான்? அடுத்த ரயில் வரைக்கும் ஷேவ் பண்ணிக்குவான்.

எங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்களா? கோந்து வாங்க ஸ்டேஷன் பக்கம் போனவரு திரும்பி வர இருட்டிருச்சு. வந்து அந்த நாற்காலில உக்காந்தாரு, பூனையத் தூக்கி மடில வச்சுக்கிட்டு. திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. 'போஸ்டர் பக்கத்துல நின்னுகிட்டே இருந்தேன்'னாரு. 'யாரு யாரோ வந்து பாத்தாங்க. என்ன அழகான ஊருங்கறாங்க. பனி எவ்வளவு அழகுங்கறாங்க. ஒரு பொண்ணு நாணலத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. யாருமே படம் எப்படி எடுத்திருக்கான் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லல மசுயோ.' 'நம்பணும்னுதானே எடுத்தீங்க, நம்பிட்டாங்கல்ல'ன்னேன். 'ஆமா'ன்னாரு. எந்திரிச்சு மேல போயிட்டாரு. என்ன மனுஷன் இவரு? நம்ப மாட்டாங்கன்னாலும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாரு, நம்பினாலும் தொங்கப் போட்டுக்குவாரு.

அதுலேர்ந்து கீழ எறங்கி ஒரு தலையத் தொடல.

குரோசாக்கி சார் நேர்லயே வந்தாரு. 'உரபே சார், எந்த எடத்துல நின்னு எடுத்தீங்கன்னு மட்டும் காட்டுங்க, ஒரு பலகை நட்டுடலாம், ஜனங்க வெங்காயத்தாள மிதிக்காம போவாங்க'ன்னு கெஞ்சறாரு. நான் கதவுக்குப் பின்னால நிக்கறேன். இப்பச் சொல்லிருவாரு, 'என் பொண்டாட்டி பொய் சொல்லிட்டா'ன்னு சொல்லிருவாருன்னு. இவரு, 'அத என்கிட்ட கேக்காதீங்க'ன்னாரு. அவ்வளவுதான். என்னைக் காட்டிக் குடுக்கல. அந்தக் கோவம்தான் எனக்கு இன்னும் ஆறல தம்பி. காட்டிக் குடுத்திருந்தா நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன்ல.

குரோசாக்கி சார் அவராவே ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. ஆத்துல இருக்கறது ஒரே ரயில் பாலம், அது சாம்பல் நிறம். அப்ப என்ன அர்த்தம், சிவப்புச் சாயம் மங்கிப்போச்சுன்னு அர்த்தம். ரயில் கம்பெனிகிட்ட பேசி, ஆள் வச்சு, பளீர்னு சிவப்பு அடிச்சுட்டாரு. பக்கத்துல ஒரு பெர்சிமன் மரம் கொண்டாந்து நட்டாரு. நட்ட மரத்துல பழம் உண்டா? கடைல வாங்கி நூல்ல கட்டி விட்டிருக்காங்க. அதுதான் நீங்க காலைல பாத்தது. அதத்தான் பொம்மை மாதிரி இருக்குன்னீங்க.

நெத்தி முடிஞ்சுது. காது மேல லேசா ஒரு தடவை.

அதோட நின்னுச்சான்னா, இல்ல. போன செவ்வாக்கெழமை மத்தியானம் நிஷினா வர்றாரு. சைக்கிளத் தள்ளிக்கிட்டு. பக்கத்துல இவரு. கைல பக்கெட்டு, பிரஷ்ஷு, முழங்கை வரைக்கும் கரி.

'உரபே அம்மா, உங்க வீட்டுக்காரரு பாலத்துல சேறு பூசிட்டிருந்தாரு.'

'சேறு இல்ல'ன்னாரு இவரு. 'கரித்தூளும் துருவும்.'

'புதுசா அடிச்ச பெயிண்ட் சார். எதுக்கு அதுல கரி பூசறீங்க?'

'பொய்யா இருக்கு.'

'பாலம் எப்படி சார் பொய்யா இருக்கும்? நீங்க அது மேல நின்னுகிட்டுத்தானே இருந்தீங்க?'

'அது மேல நிக்கலாம். ஆனா படம் எடுத்தா ஒருத்தனும் நம்ப மாட்டான்.'

நிஷினா என்னைப் பாக்கறாரு. நான் நிஷினாவப் பாக்கறேன். பக்கெட்டக் கையில வாங்கிக்கிட்டு, தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டு, அவருக்கு ஓசில ஒரு ஷேவ் பண்ணி அனுப்பினேன். வேற என்ன பண்றது? பாதிப் பாலம்தான் பூசியிருக்காரு. நீங்க கவனிச்சீங்களா, இந்தக் கரைல இருக்கற பாதி பரவாயில்லாம இருக்கும். அந்தக் கரைப் பாதிதான் மிட்டாய் மாதிரி மின்னும்.

நாளைக்குத் திறப்பு விழா. பாலத்துக்குப் பக்கத்துல பலகை நட்டு, துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. துணிய இழுக்கப் போறது யாரு? 'இந்த எடத்தைக் கண்டெடுத்த புகைப்படக் கலைஞர்', எங்க வீட்டுக்காரரு. முடியாதுன்னு சொல்லுங்கன்னேன். 'போறேன். போய் எல்லாருக்கும் முன்னால உண்மையச் சொல்லிடறேன்'னாரு. எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இவருக்குப் பத்துப் பேருக்கு முன்னால நின்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். எங்க கல்யாணத்துல நன்றி சொல்ல எந்திரிச்சு, இருமிட்டு உக்காந்தவரு. இவரு அங்க போய் நின்னு, 'பொம்மை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, மீதி வராம நிப்பாரு. ஊர் என்ன சொல்லும்? ஏமாத்துக்காரன்னு சொல்லும். குரோசாக்கி சார் பெயிண்டுக்குக் கணக்கு சொல்ல முடியாம முழிப்பாரு. யாரு ஆரம்பிச்சதுன்னு ஊருக்குத் தெரியாது, இவருதான் சொல்ல மாட்டாரே... சொல்ல மாட்டாரு. மொத்தத்தயும் அவரு தலைல போட்டுக்குவாரு.

முடிஞ்சுது தம்பி. கண்ணத் தெறங்க. பாருங்க கண்ணாடில, அஞ்சு வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கு. இருங்க, கோட்டு எடுத்துத் தர்றேன்... என்னவோ பையிலேர்ந்து விழுந்துச்சே. இது என்ன, கைல கட்டற பட்டையா? பச்சைல...

'செய்தியாளர்'னு போட்டிருக்கு.

நாளைக்கு விழாவுக்கா வந்திருக்கீங்க? முன்கூட்டியே ஒரு நாள்... ஊரப் பாக்கலாம்னு. ம்ம். எந்த வேலைல இருக்கீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்களாவது நடுவுல சொல்லியிருக்கலாம். ஆமா, எங்க சொல்றது, நாந்தானே வாயத் தெறக்க விடல.

உக்காருங்க. இல்ல, நில்லுங்க. ஒரு நிமிஷம் யோசிக்க விடுங்க.

ரயிலு வந்துருச்சு போல, ரயில்வே கேட்டுல மணி அடிக்குது. ஓடினா புடிச்சுரலாம். போகலையா நீங்க? சரி.

எழுதாதீங்கன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா எழுதாம இருக்கவா போறீங்க? ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அவரு பேரச் சரியா போடுங்க. உரபே தமோட்சு. 'கண்டெடுத்தவர்'னு போடாதீங்க, ஒரு எழவையும் அவரு கண்டெடுக்கல. 'எடுத்தவர்'னு போடுங்க. அப்புறம், அது பொம்மைன்னு தலைப்புலயே போடுங்க, கொட்டை எழுத்துல. உள்ள எங்கயோ கடைசி வரில போட்டீங்கன்னா யாருக்கும் தெரியாமப் போயிரும். பஞ்சுன்னும் போடுங்க, பவுடருன்னும் போடுங்க. படத்தப் பெருசாப் போட்டு, அதுக்குக் கீழ போடுங்க. அப்பத்தான் பாக்கறவன் ஒரு தரம் பாத்துட்டு, படிச்சுட்டு, திரும்பவும் பாப்பான். அந்த ரெண்டாவது தரம் யாருமே பாக்கல தம்பி. அதுக்குத்தான் அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. இப்பத்தான் என் மண்டைல ஏறுது. பொய் சொன்னது யாருன்னா, நாந்தான்னு போட்டுக்கோங்க. மசுயோ. வயசு போட வேணாம்.

மேல போங்க. படி செங்குத்து, தலை இடிக்கும். 'நான் செய்தித்தாள்லேர்ந்து வர்றேன்'னு ஆரம்பிக்காதீங்க, பயந்துருவாரு. அந்த மரத்துக்குப் பின்னால வெளிச்சம் எப்படி வர வச்சீங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல. அவரு இருமவும் மாட்டாரு, நிறுத்தவும் மாட்டாரு. அடுத்த ரயிலும் போயிரும், பரவாயில்ல, ராத்திரி சாப்பாடு இங்கயே சாப்பிட்டுக்கலாம், மீன் இருக்கு.

...மலை ஆடினா ஆடட்டும், ஏறுங்க.

ஹலோ. டவுன் ஆபீஸா? குரோசாக்கி சார் இருக்காரா... சார், நான் உரபே சலூன்லேர்ந்து மசுயோ. இல்ல இல்ல, நாளைக்கு அவரு வருவாரு, சட்டையெல்லாம் தேச்சு வச்சாச்சு. இது வேற. பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறது மரியாதைன்னு... ஆமா, பாலத்தப் பத்தித்தான். நாணலப் பத்தியும் ஒண்ணு இருக்கு, அதக் கடைசில சொல்றேன்.

சார், நீங்க இப்ப நின்னுகிட்டிருக்கீங்களா, உக்காந்திருக்கீங்களா?

உக்காந்துக்கோங்க.